பார்வையாளர் குறிப்பு

உட்காருங்க சார். அந்தக் கோடியில வேண்டாம், பெஞ்சு ஆட்டம் காணும். இப்படி நடுவுல வாங்க. பத்தரைக்கு வரச் சொல்லியிருப்பாங்களே? பன்னிரண்டுக்கு முன்னால ஒரு பேரைக் கூப்பிட மாட்டாங்க. நான் ஒன்பதே முக்காலுக்கே வந்துட்டேன். பழக்கம், விட முடியலை.

உங்களுக்கு என்ன கேஸு? லாரி மோதினதா? ஓ, நீங்க பார்த்த சாட்சி. அடிபட்டவன் சொந்தக்காரனா? இல்லையா? முன்னப் பின்னத் தெரியாதவனுக்காகவா நாலாவது வாய்தாவுக்கு வந்திருக்கீங்க? நல்ல மனுசன் சார் நீங்க. கொஞ்சம் பிழைக்கத் தெரியாத மனுசன்னும் சொல்லலாம், கோவிச்சுக்காதீங்க.

நானும் சாட்சிதான். அதோ, நோட்டீஸ் போர்டுக்குக் கீழே தரையில உட்கார்ந்திருக்கே, நீலப் புடவை, அந்தப் பொண்ணோட புருஷன் செத்துப்போன விசாரணை. அவ பேரு சுகந்தி. அவன் பேரு பால்ராஜ். மோட்டாருக்குக் காயில் கட்டறவன். முந்தின வருஷம் ஆடி மாசம் மேலப்பேட்டை ஸ்டேஷன்ல செத்தான். இல்லை, அப்படிச் சொல்லக்கூடாது. ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வந்தாங்க, நெஞ்சு வலிக்குதுன்னான், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க, அங்கே செத்தான். அப்படித்தான் பேப்பர்ல இருக்கு. நான் எதையும் பேப்பர்ல இருக்கறபடி சொல்றவன்.

ஐயய்யோ, நான் போலீஸ் இல்லை சார். என்னைப் பார்த்தா போலீஸ் மாதிரியா இருக்கு? வைத்தியலிங்கம். முத்திரை ஆய்வாளரா இருந்து ரிட்டயர் ஆனவன். கடைக்காரங்க தராசு, படிக்கல் எல்லாம் சரியா இருக்கான்னு பார்த்து முத்திரை குத்தற வேலை. முப்பத்தோரு வருஷம். இந்த ஜில்லாவுல நான் கை வைக்காத தராசு கிடையாது.

அப்புறம் எப்படி இதுல மாட்டினேன்னு கேட்கறீங்க. கேளுங்க, சொல்றேன். நாலு வருஷத்துக்கு முன்னால நம்ம ஊருல காவல் நிலையப் பார்வையாளர் குழுன்னு ஒண்ணு போட்டாங்க. ஸ்டேஷனுக்குள்ள என்ன நடக்குதுன்னு போலீஸே போலீஸைப் பார்த்தாப் போதாது, பொதுஜனத்துல இருந்து நாலு பேர் போய்ப் பார்க்கணும்னு. ஏழு பேரைப் போட்டாங்க. ஒரு ரிட்டயர்டு புரொபசர், ஒரு டாக்டரம்மா, ஜவுளிக்கடை முதலாளி ஒருத்தர், இப்படி. அதுல நான் ஒருத்தன். ஆளுக்கு ரெண்டு ஸ்டேஷன். எப்ப வேணாலும் போகலாம். எந்த ரூமை வேணாலும் திறக்கச் சொல்லலாம். உள்ளே இருக்கறவன்கிட்டத் தனியா உட்கார்ந்து பேசலாம். பார்த்ததைப் பதிவேட்டுல எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்துப் போடணும். பச்சை நாடாவுல தொங்கற மாதிரி கார்டு கொடுத்தாங்க. போட்டோ நல்லா விழுந்திருந்தது.

முதல் தடவை நான் சொல்லாமக் கொள்ளாமத்தான் போனேன். சத்தியமாச் சொல்றேன். ஒரு சனிக்கிழமை காலையில நேரா மேலப்பேட்டை ஸ்டேஷனுக்குப் போனேன். வாசல்ல நின்ன பையன், மீசை கூடச் சரியா முளைக்கலை, என்னை மேலயும் கீழயும் பார்த்தான். "என்ன பெருசு, என்ன தொலைஞ்சுபோச்சு?"ன்னான். கார்டைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "எந்தக் கட்சி இது?"ன்னான். முக்கால் மணி நேரம் சார். வேப்பமரத்தடியில, செருப்புத் தொலைச்சவன் மாதிரி நின்னேன். எங்க பக்கத்து வீட்டுப் பால்காரன் அந்த வழியாப் போனவன் வண்டியை நிறுத்தி, "என்ன சார், வீட்டுல திருட்டா?"ன்னு கேட்டுட்டுப் போறான். எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க. ஒரு காலத்துல என் ஜீப் மார்க்கெட்டுக்குள்ள திரும்பினா பாதி ஷட்டர் இறங்கும்.

அன்னிக்குச் சாயங்காலமே இன்ஸ்பெக்டர் போன் பண்ணினார். கிருபாகரன்னு பேரு. நல்லாப் பேசுவார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க, பையன் புதுசு. ஒரு போன் மட்டும் போட்டுட்டு வந்தீங்கன்னா நானே வாசல்ல நிப்பேன்"னார். சொன்னபடியே நின்னார் சார். அடுத்த தடவை போன் போட்டுட்டுப் போனேன். வாசல்ல நின்னு கும்பிட்டுக் கூட்டிட்டுப் போனார். வெள்ளைத் துண்டு போட்ட நாற்காலி, அவர் உட்கார்றதுக்குப் பக்கத்துலயே. பாதாம் பால். எனக்குச் சர்க்கரைன்னு தெரிஞ்சதும் அதுக்கடுத்த தடவை மோர். "சார் வந்தா எங்களுக்கே ஒரு பயம் சார்"ம்பார். சிரிச்சுக்கிட்டேதான் சொல்வார்.

அதுல இருந்து போன் போட்டுட்டுத்தான் போறது. இதுல என்ன தப்பு இருக்கு? ஒருத்தர் வீட்டுக்குப் போறதுன்னாலே முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தானே போறோம். அந்த டாக்டரம்மா மட்டும் சொல்லாமப் போவாங்க. நேரம் காலம் இல்லாமப் போய் நின்னு, ஒரு தடவை ஒரு பையனைக் கேஸ் எழுதாமலே உட்கார வெச்சிருந்ததைப் பார்த்துட்டுக் கலெக்டருக்கு எழுதினாங்க. என்னாச்சு? அவங்க கிளினிக் வாசல்ல தினம் ரெண்டு போலீஸ் நின்னு வர்ற வண்டியை எல்லாம் மறிச்சு ஹெல்மெட் கேட்டாங்க. மூணே மாசத்துல ராஜினாமா. நாசூக்குன்னு ஒண்ணு வேணாமா?

நான் ஒண்ணும் கிழிக்கலைன்னு நினைச்சுடாதீங்க. என் குறிப்புனால அந்த ஸ்டேஷன்ல மூணு ட்யூப்லைட் மாறியிருக்கு. பொம்பளைங்க உட்கார ஒரு பெஞ்சு வந்தது. மாடிப்படிக்குக் கைப்பிடி போட்டாங்க. குழுவோட கூட்டத்துல கலெக்டரே, "மேலப்பேட்டை பதிவேட்டைப் பாருங்க, எவ்வளவு அழகா எழுதியிருக்கார்"னு எல்லாருக்கும் காட்டினார். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். சும்மா சொல்லலை.

சரி, அந்த நாளுக்கு வர்றேன்.

ஆடி வெள்ளி. வீட்டுல அவ காலையிலயே கோயிலுக்குக் கிளம்பிட்டா. ஒரு வேலையை முடிச்சுடுவோம்னு பத்து இருபதுக்குக் கிருபாகரனுக்குப் போன் போட்டேன். அவரோட சொந்த நம்பருக்கு. "பதினோரு மணிக்கு வரலாமா?"ன்னேன். "தாராளமா வாங்க சார்"னார். அப்புறம் ஒரு நிமிஷம் யார்கிட்டயோ பேசினார். "ஒரு பதினஞ்சு நிமிஷம் மட்டும் தள்ளி வாங்க சார், நான் ஒரு ரவுண்ட்ஸ் போகணும், ரைட்டர் இருப்பார், எல்லாம் எடுத்துக் காட்டுவார்"னார். சரின்னேன். அவங்களுக்கும் வேலை இருக்குமில்லையா.

பதினோரு மணிக்கே போயிட்டேன். நேரம் ஆகலைன்னு எதிர்த்தாப்புல டீக்கடையில ஒரு டீ சொன்னேன். அங்கே இந்தப் பொண்ணு உட்கார்ந்திருந்தா. கையில ஒரு இட்லிப் பொட்டலம். என் கழுத்துல கார்டைப் பார்த்ததும் ஓடி வந்தா. "ஐயா, நீங்க ஆபீசருங்களா? எங்க வீட்டுக்காரரைக் காலையில ஆறு மணிக்கு ஜீப்புல ஏத்திட்டு வந்தாங்க. திருட்டுக் காப்பர் கம்பி வாங்கினாருன்னு சொல்றாங்க, அவரு பில்லு இல்லாம ஒரு முழம் வாங்க மாட்டாரு. உள்ளே விட மாட்டேங்கறாங்க. நீங்க போய்ப் பார்த்துட்டு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா. சாப்பிட்டாரான்னு மட்டும் கேளுங்க"ன்னா.

நான் விரட்டலை சார். நின்னு, பொறுமையா, முறையைச் சொன்னேன். "இதோ பாரும்மா, வாய்மொழியா நாங்க எதையும் எடுத்துக்கறதில்லை. மனுவா எழுதணும். ரெண்டு பிரதி. முதல் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல பெட்டி வைப்பாங்க, அதுல போடு. உன் பேரு, விலாசம், போன் நம்பர் தெளிவா எழுது"ன்னேன். தலையை ஆட்டினா. எல்லாம் புரிஞ்ச மாதிரிதான் ஆட்டினா. "அப்ப திங்கட்கிழமை வரைக்கும் அவரு உள்ளேதான் இருப்பாருங்களா?"ன்னு கேட்டா. எனக்கு நேரமாச்சு. டீக்குக் கொடுத்துட்டு எழுந்துட்டேன்.

பதினொண்ணே காலுக்கு உள்ளே போனேன். ரைட்டர் ஏட்டு நின்னுட்டு இருந்தார். தரையெல்லாம் ஈரம். கழுவி விட்டிருந்தாங்க. ஃபினாயில் வாசனை மூக்கைத் துளைக்குது. நான் சிரிச்சுக்கிட்டே, "பரவாயில்லையே ஏட்டையா, ஆடி வெள்ளிக்கு எங்க வீட்டுல கழுவற மாதிரி கழுவியிருக்கீங்களே"ன்னேன். அவரும் சிரிச்சார். வேர்த்து ஊத்தியிருந்தது அவருக்கு. லாக்கப்பைப் பார்த்தேன். காலி. சும்மா எட்டிப் பார்க்கலை, கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே போய் நின்னே பார்த்தேன். ஒரு ஈ காக்கா இல்லை. மேல் மாடி பார்த்தேன். கடைசியில ஒரு பழைய ரெக்கார்டு ரூம் இருக்கும், அது பூட்டியிருந்தது. "சாவி எஸ்.ஐ. ஐயாகிட்ட இருக்கு சார், அவர் பந்தோபஸ்துக்குப் போயிருக்கார், வேணும்னா வரச் சொல்றேன்"னார். பந்தோபஸ்துல இருக்கறவரை ஒரு ரெக்கார்டு ரூமுக்காக எதுக்கு அலைய வைக்கணும்? வேணாம்னேன். அங்கேயே மாடியில வெச்சுப் பதிவேட்டைக் கொடுத்தார். எழுதினேன். பதினொண்ணு இருபத்தஞ்சு, கையெழுத்து. பின்னால பேப்பர்காரன் போட்டானே, அதுதான். "லாக்கப்பில் எவரும் இல்லை. நிலையம் மிகவும் தூய்மையாகப் பராமரிக்கப்படுகிறது. எல்லாம் சரியாக உள்ளது."

வெளியே வந்தப்ப இந்தப் பொண்ணு கேட் பக்கத்துல நின்னா. "இருக்காரா?"ன்னா. "உள்ளே யாரும் இல்லைம்மா"ன்னேன். நான் பார்த்ததைச் சொன்னேன். அவ நம்பலை. அங்கேயே உட்கார்ந்துட்டா.

மறுநாள் காலையில பேப்பரைப் பிரிக்கறேன், பால்ராஜ் போட்டோ. சாயங்காலம் நாலு மணிக்கு அவனைக் கடைவீதியில வெச்சுப் பிடிச்சதா போலீஸ் சொல்லுது. ஆறரைக்கு ஆஸ்பத்திரியில போயிட்டானாம். காலையில ஆறு மணிக்கே வீட்டுல வந்து தூக்கிட்டுப் போனாங்கன்னு இவ சொல்றா. ஒரு டாக்டர் மத்தியானமே உயிர் போயிருக்கும்ங்கறார், இன்னொரு டாக்டர் சாயங்காலம்தான்ங்கறார். அப்ப காலையில அவன் ஸ்டேஷன்ல இல்லைங்கறதுக்கு போலீஸ்கிட்ட என்ன இருக்கு? என் குறிப்பு இருக்கு. போலீஸ் ஆள் எழுதலை, பொதுஜனம் எழுதினது. அதுதான் அவங்களுக்கு எல்லாம்.

என்னைப் படுத்தின பாடு இருக்கே! பேப்பர்ல என் எழுத்தை அப்படியே பெருசாப் போட்டு, "எல்லாம் சரியாக உள்ளது"ன்னு தலைப்பு. நான் தினம் நடக்கப் போற பார்க்குல என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தறாங்க. என் வீட்டுக்காரி கமலவேணி இருக்காளே, அந்தப் பச்சை நாடாக் கார்டை எடுத்து, பழைய துணியோட பரண்ல போட்டுட்டா. குழுவையும் சத்தமில்லாமக் கலைச்சுட்டாங்க. எனக்கு ஒரு லெட்டர் கிடையாது. ரெண்டு வருஷம் உழைச்சவனுக்கு ஒரு நன்றிக் கடிதம் அனுப்பணும்னு எவனுக்காவது தோணிச்சா?

இப்ப விசாரணை எங்கே வந்து நிக்குதுன்னா, நான் போன் போட்டதுக்கும் உள்ளே போனதுக்கும் நடுவுல இருந்த அந்த ஒரு மணி நேரத்துல. போன வாரம் இவளோட வக்கீல் வீட்டுக்கு வந்தாங்க. ஆரிஃபான்னு ஒரு சின்னப் பொண்ணு. "ஐயா, நீங்க வர்றதா ஸ்டேஷனுக்கு முன்னாடியே தகவல் போச்சா? அது ஒண்ணுதான் எங்களுக்கு வேணும். சொல்லிட்டுப் போனீங்கன்னா, ஆளை மறைக்க அவங்களுக்கு நேரம் இருந்திருக்கு, உங்க குறிப்புக்கு மதிப்பு இல்லை. சொல்லாமப் போனீங்கன்னா, அவர் அங்கே இல்லைன்னு ஆயிடும், கேஸ் அதோட முடிஞ்சுது"ன்னு நேராவே கேட்டாங்க. போன் கம்பெனியில கேட்டாங்களாம், பழைய விவரம் எல்லாம் அழிஞ்சு போச்சாம். அப்ப நானும் கிருபாகரனும் சொன்னாத்தான் உண்டு. நான் "பார்க்கலாம்மா"ன்னேன். காபி கொடுத்துத்தான் அனுப்பினேன்.

கிருபாகரனும் போன் பண்ணினார். கேஸைப் பத்தி ஒண்ணுமே சொல்லலை அவர், என் பையனைத்தான் விசாரிச்சார். "மஸ்கட்டுல தம்பி நல்லா இருக்காரா சார்? பாஸ்போர்ட் விசாரணை வந்திருந்தது, நானே பார்த்து அனுப்பி வெச்சுட்டேன்"னார். "கோர்ட்டுல நீங்க உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க சார், போதும்"னார். அவ்வளவுதான்.

நான் முடிவு பண்ணிட்டேன் சார். உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. உள்ளதைச் சொல்லிடப் போறேன். ஆமா, போன் போட்டேன், மரியாதைக்குப் போட்டேன். என்ன, தலையையா எடுத்துடுவாங்க? ராத்திரி படுத்தா தூக்கம் வரலை. அந்தப் பொண்ணு ஒரு குழந்தையை வெச்சுக்கிட்டு அலையறா. சொல்லிடறேன்.

கூப்பிடறாங்க. என் பேருதான். இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க சார், குடை இருக்கு. வந்துடறேன்.

*

பையைக் கொடுங்க. நன்றி. இன்னும் உங்களைக் கூப்பிடலையா? அதான் சொன்னேனே.

முடிஞ்சுது. கால் மணி நேரம்தான். இருங்க, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கறேன்.

நல்லாத்தான் பேசினேன். சர்க்கார் வக்கீல் பெரிய மனுசன் சார், எடுத்ததுமே, "உங்களைப் பத்தி இந்த ஊருக்கே தெரியும்"னார். "உங்க சர்வீஸ்ல எத்தனை வியாபாரிங்க மேல கேஸ் போட்டிருப்பீங்க?"ன்னார். "ஆயிரத்து இருநூறுக்குக் குறையாது"ன்னேன். மாஜிஸ்டிரேட் நிமிர்ந்து பார்த்தார். சின்ன வயசுதான், நம்ம பையன் வயசு இருக்கும். "எப்படிப் பிடிப்பீங்க?"ன்னார் வக்கீல். நான் சொன்னேன், ஒரு தடவை கைலி கட்டிக்கிட்டு, பையைத் தூக்கிக்கிட்டு, வாழைக்காய் வாங்கற மாதிரி போய், அடியில குடைஞ்சு எடுத்த படிக்கல்லைக் கையும் களவுமாப் பிடிச்சதை. எல்லாரும் கேட்டாங்க. எழுதற பொண்ணு கூட எழுதறதை நிறுத்திட்டுக் கேட்டுது. ரொம்ப நாளாச்சு சார், நான் பேசி நாலு பேர் கேட்டு.

அப்ப அவர் கேட்டார். "முன்கூட்டித் தகவல் சொல்லிட்டு எங்கேயாவது சோதனைக்குப் போனதுண்டா?" நான் நெஞ்சை நிமிர்த்தி, "முப்பத்தோரு வருஷத்துல ஒருநாளும் கிடையாது"ன்னேன். அது சத்தியம். "இந்த வேலையையும் அதே மாதிரிதானே பார்த்தீங்க?"ன்னார்.

தலை ஆடிடுச்சு சார். நான் ஆட்டலை, அதுவா ஆடிடுச்சு. மாஜிஸ்டிரேட், "தலையை ஆட்டினா எழுத முடியாது, வாயால சொல்லுங்க"ன்னார். எல்லாரும் என்னைத்தான் பார்க்கறாங்க. "ஆமா"ன்னேன்.

அப்புறம் அந்த ஆரிஃபா எழுந்து, "அன்னிக்குக் காலையில இன்ஸ்பெக்டருக்குப் போன் பண்ணினீங்களா?"ன்னு கேட்டுது. இப்பத்தானே ஆமான்னு சொல்லியிருக்கேன்? உடனே மாத்திச் சொன்னா என்னை என்னன்னு நினைப்பாங்க? "ஞாபகம் இல்லை"ன்னேன். அந்தப் பொண்ணு அதையே மூணு விதமாக் கேட்டுது. மூணு தடவையும் ஞாபகம் இல்லைன்னேன். படிச்சுக் காட்டினாங்க. கையெழுத்துப் போட்டேன். சர்க்கார் வக்கீல் எனக்குக் கதவைப் பிடிச்சுக்கிட்டார்.

என்ன சார் அப்படிப் பார்க்கறீங்க? நான் பொய் சொல்லணும்னு போகலையே. உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே போனேன். நீங்களும் கூண்டுல ஏறிப் பாருங்க, அப்பத் தெரியும்.

சுகந்தி வந்து பிடிச்சுக்கிட்டா சார். வெளியே வர்றேன், வாசல்ல நிக்கறா. திட்டப் போறாள்னு நினைச்சேன். திட்டியிருந்தாக் கூடத் தேவலை. என் கையைப் பிடிச்சா. "ஐயா, கோர்ட்டுக்கு வேணாம். அதெல்லாம் முடிஞ்சுது, வக்கீலம்மா சொல்லிட்டாங்க. எனக்கு மட்டும் ஒண்ணு சொல்லுங்க. நீங்க உள்ளே போனப்ப அவரு உசிரோட இருந்தாரா? நான் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் அந்த வாசல்லயே உட்கார்ந்திருந்தேன். அவரு உள்ளே இருக்காரு, எப்படியும் வருவாருன்னுதான் உட்கார்ந்திருந்தேன். நான் உட்கார்ந்திருந்தப்ப அவரு இருந்தாரா, இல்லாத ஆளுக்கா உட்கார்ந்திருந்தேன்? அது தெரியாம எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குதுய்யா."

எனக்குத் தெரியாதும்மான்னேன். வேற என்ன சொல்றது? ரெண்டு நிமிஷம் முன்னால உள்ளே சத்தியம் பண்ணிச் சொல்லிட்டு வந்திருக்கேன். கையை விட்டுட்டா. போய் அதே இடத்துல உட்கார்ந்துட்டா, பாருங்க.

இருந்தான் சார்.

உங்ககிட்ட சொல்றேன். நீங்க யாரோ, நான் யாரோ. நான் பதிவேட்டுல எழுதிட்டு இருக்கேன், அந்த ரெக்கார்டு ரூம் பக்கமா ஒரு குரல். ரொம்ப மெதுவா. "அண்ணே, தண்ணி. அண்ணே, கொஞ்சம் தண்ணி"ன்னு. ரெண்டு தடவை கேட்டது எனக்கு. பேனாவை நிறுத்திட்டு ரைட்டரைப் பார்த்தேன். ரைட்டர் என்னைப் பார்த்தார். "பின்னாடி போலீஸ் லைன் வீட்டுல டீவி ஓடுது சார்"னார். அப்புறம் மூணாவது தடவை கேட்கலை.

நான் சும்மா வந்துடலை. அந்தக் குறிப்புல இன்னொரு வரி இருக்கு சார், பேப்பர்காரன் அதைப் போடலை. உள்ளே கூட யாரும் அதைப் படிக்கலை. "நிலையத்திற்கு வருவோருக்குக் குடிநீர் வசதி செய்து தரப்பட வேண்டும்." என் கையால எழுதினேன். தேதி, நேரம் எல்லாம் போட்டு. என்னால எழுதத்தானே முடியும்? எழுதறதுதானே எனக்குக் கொடுத்த வேலை? எழுதினேன் சார். எவனும் படிக்கலைன்னா அதுக்கு நான் என்ன பண்ண?

எங்கே எழுந்துட்டீங்க? உங்களை இன்னும் கூப்பிடலையே. கேன்டீன் அந்தப் பக்கம் சார். இந்தப் பக்கம் ஒண்ணும் இல்லை, நோட்டீஸ் போர்டுதான் இருக்கு. சார், நான் உங்களை நம்பிச் சொன்னேன். அவகிட்டப் போய் எதுவும்... சார், நில்லுங்க. சார்.